மூச்சை அடக்கிய மண்டபம்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து போனது, நான் அதன் பின்னால் போகவில்லை, அவ்வளவுதான். வட்டக்கச்சியில் அப்பாவுக்கு வயல் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டான். எனக்கு ஒரே இடத்தில் இரண்டு போகம் நிற்க முடிவதில்லை. செங்கல் சூளை, தம்புள்ளைச் சந்தையில் மூட்டை இறக்குவது, வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர், விசுவமடுவில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருத்தும் கடை என்று மாறிக்கொண்டே இருந்தேன். தம்புள்ளையில் சிங்களம் பழகினேன். விசுவமடுவில் காது பழகியது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் வைத்து, அதன் பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். வால்வு தட்டுவது ஒரு சத்தம், பேரிங் தேய்வது வேறு சத்தம். கடைக்காரர் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். கண்டால் ஏசுவார், அது அவருடைய ஸ்க்ரூ டிரைவர். ஒருமுறை மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவரின் இயந்திரத்தில் பேரிங் போகும் சத்தத்தைக் கேட்டேன். பிரிக்க வேண்டாம், இந்தக் காய் பிடுங்கும்வரை ஓடட்டும் என்று அவர் கெஞ்சினார். சரியென்று மூடிக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் இயந்திரம் இறுகியது. தோட்டம் காய்ந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் அதிக நாள் மனதில் கிடந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் இருந்தேன். படகு இயந்திரங்கள் பார்க்கும் வேலை. கடற்கரையில் வலைகள் வைக்கும் கொட்டிலில், அங்கே வாடி என்பார்கள், படுத்துக்கொள்வேன். சாப்பாடு படகுக்காரர் வீட்டில். அவருக்கு நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். நான் அவரைத் தம்பி என்பேன். அவருடைய மனைவிக்கு முப்பத்தேழு. அவள் எனக்குத் தங்கச்சி. கத்தோலிக்கக் குடும்பம். கலியாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, நான் அங்கே போன வருடம்தான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம். ஊரில் அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள், கேட்டால் கலைந்துவிடும் என்பதுபோல.

அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையே ஒன்றைக் கவனித்தேன். கிணற்றிலிருந்து சமைக்கும் குசினிக்கு இருபது காலடி இருக்காது. நடுவில் ஒரு முருங்கை மரம். தண்ணீர் வாளியோடு வரும்போதெல்லாம் அவள் அந்த மரத்தடியில் வாளியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள், காய் பார்ப்பதுபோல. அந்த மரத்தில் அப்போது ஒரு காய்கூட இல்லை.

இன்னொன்று, முன் அறையில் கன்வஸ் துணி போட்ட சாய்வுக் கதிரை ஒன்று கிடந்தது. அவள் கட்டிலில் படுப்பதில்லை. மத்தியானத் தூக்கமும் அதில்தான், விடியப்புறம் நான் இயந்திரத்தின் சாவி எடுக்கப் போகும்போதும் அதில்தான். இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, நிமிர்ந்தபடி கண்ணை மூடியிருப்பாள். கேட்டால் சூடு என்பாள், வயிறு முட்டுது என்பாள். முதல் தடவை கிளினிக்குக்குப் போனபோது அங்கே ஒரே சனமாம், சட்டைக்கு மேலாலேயே பார்த்துவிட்டு, இது முட்டு, இழுப்பு வருத்தம் என்று வாயில் அடிக்கும் பம்ப் ஒன்று எழுதிக் கொடுத்தார்களாம். அந்த பம்ப் அலுமாரியின் மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதை எடுத்து அடித்ததை நான் பார்த்ததில்லை.

அவளுடைய மூச்சைக் கேட்கும்போது எனக்குக் கிணற்றடி இயந்திரம் ஞாபகம் வரும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும், குழாயில் தண்ணீர் நூல்போல வரும். அப்படி இருந்தால் எஞ்சினில் பிழை இல்லை, இடையில் எங்கேயோ வழி அடைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியிடம் இயந்திரக் கதை சொல்ல முடியுமா? சும்மா இருந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் அவளுடைய கணவர் கடலுக்குப் போயிருந்தார். அவருடைய பழைய ஓட்டோவில் நான் அவளைக் கூட்டிப் போனேன். கடல்நீரேரி ஓரமாகப் போகும் பாதையில் பாதித் தூரம் போனதும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். சத்தி வருகிறது, வாந்தி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இறங்கவில்லை.

"அண்ணை, இண்டைக்கு மிட்வைஃப் அக்கா லீவாம். புதுசா வந்திருக்கிற லேடி டொக்டருக்குத் தமிழ் பெரிசா வராதாம். நீங்கள்தான் கதைக்கோணும்."

சரி என்றேன்.

"நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ. ஒண்டும் கூட்டாதேங்கோ."

பிறகு அவளே சொன்னாள். பத்து வயதில் முழங்கால் இரண்டும் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளாம். மாதத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்றார்களாம், இடுப்பில் போடும் ஊசி, இரண்டு நாளைக்கு நடக்க ஏலாதாம். அடுத்த வருடம் இடம்பெயர்ந்தார்கள். ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்தது. ஒரு மாதம் ஊசி இருந்தது, மூன்று மாதம் இருக்கவில்லை. பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெரிய பிள்ளையான பிறகு ஒரு டொக்டர் அவளுடைய நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இவளுக்குக் கலியாணம் செய்தால் பிள்ளை பெறுவது கரைச்சல் என்று தாயிடம் சொன்னாராம். தாய் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தாய் போன பிறகு அதைத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

"கண்டுபிடிச்சாங்களெண்டால் பிள்ளையை வெளியால எடுத்துப்போடுவாங்கள், அண்ணை."

"உமக்கு ஏதும் நடந்தா?"

"பதினொரு வருசமா ஒண்டும் நடக்கேல்லை. இப்பதான் ஒண்டு நடந்திருக்கு."

சத்தியம் கேட்டாள். நான் சைவக்காரன், மாதா மேல் நான் செய்யும் சத்தியம் செல்லுமா என்று தெரியவில்லை. என் தலையிலேயே கையை வைத்துச் சொன்னேன்.

கிளினிக் ஊர்ப் பொது மண்டபத்தில் நடக்கும். ஒரு பக்கத்தில் நாடக மேடை. அதன் திரையைப் பாதிக்கு இழுத்துவிட்டு, பின்னால் ஒரு கட்டில் போட்டு, அங்கேதான் டொக்டர் தாய்மாரைப் பார்ப்பார். கீழே வாங்குகளில் பெண்கள், தோளிலும் மடியிலும் குழந்தைகள். உள்ளே நான் போக முடியாது. திரைக்கு இந்தப் பக்கம், மேடையின் நடுவில், சனத்தைப் பார்த்தபடி நின்று மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் ஏறி நின்றதும் வாங்கில் இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"என்ன அண்ணை, பாட்டோ நாடகமோ?"

"ரெண்டும் இல்லையாம்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அறிவித்தலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் தங்கச்சியும் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டொக்டர் சின்ன வயது. தெற்கில் எங்கேயோ ஊர், வந்து மூன்று மாதம் ஆகவில்லை. குரலில் அவசரம் இல்லை. சிறு வயதில் ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லை என்றாள். இல்லை என்றேன். நடந்தால் களைக்கிறதா? கொஞ்சம், எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும்போல. அப்படியே சொன்னேன். நேராகப் படுத்துத் தூங்க முடிகிறதா?

"ஓம், நல்லாப் படுப்பன் எண்டு சொல்லுங்கோ."

முன் அறைக் கதிரை என் கண்ணுக்குள் வந்து போனது. ஆம் என்று சிங்களத்தில் சொன்னேன். மூட்டை இறக்குகிறவன் மூட்டைக்குள் இருப்பதற்குப் பொறுப்பில்லை என்று தம்புள்ளையில் நாங்கள் சொல்லிக்கொள்வோம். பொலிஸ் வந்து அவிழ்க்கும்போதுதான் அது உண்மையா என்று தெரியும்.

பிறகு டொக்டர் நெஞ்சைக் கேட்கத் தொடங்கினார். முதலில் முதுகில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பேச்சைத் தமிழிலேயே பழகி வைத்திருந்தார். மூச்சை இழுங்க, விடுங்க என்றார். சிறிது நேரம் சத்தமே இல்லை. மறுபடியும், மூச்சை இழுங்க, விடுங்க. மறுபடியும் சத்தமில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டு, நான் சொல்வது விளங்கவில்லையா, இவள் ஏன் ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்துகிறாள் என்று கேட்டார். தமிழ் பிழையா என்றும் கேட்டார்.

தமிழ் பிழையில்லை என்றேன். அப்போதுதான் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன்.

அதை விளங்கப்படுத்தச் சிங்களத்தில் எனக்குச் சரியான சொற்கள் இருக்கவில்லை. இருந்தவற்றை வைத்துச் சொன்னேன். கடைசி யுத்தக் காலத்தில் ஷெல் புறப்படும்போது தூரத்தில் ஒரு குத்தும் சத்தம் கேட்கும். அதற்கும் அது வந்து விழுவதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பங்கருக்குள் இருக்கும் எல்லோரும் மூச்சை அடக்கிவிடுவோம், அது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பதற்கு. கைக்குழந்தைகூட அழாது. மாதக்கணக்காக அப்படி இருந்தோம். இங்கே ஒருவர் ஒரு சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்றால் மற்றவர்களின் மூச்சு தானாக நின்றுவிடும், நாங்கள் நிறுத்துவதில்லை. டொக்டர் காதில் குழாயை மாட்டியதும் இவளுடைய உடம்பு அப்படித்தான் எடுத்திருக்கும்.

கீழே ஒரு குழந்தை வாளியை உருட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி கடகடவென்றது. பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டபடி வாசலைத் தாண்டிப் போனது.

பிறகு டொக்டர் சொன்னார், முதுகு போதும், இப்போது இதயத்தைக் கேட்கப் போகிறேன், அதற்கு மூச்சை அடக்குவதுதான் வசதி. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அவள் விருப்பம்போல அடக்கட்டும். இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் இருக்கும் மாதா உத்தரியத்தைக் கழற்ற வேண்டாம், தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும். பிறகு, முடியுமானால் மண்டபத்தில் இருப்பவர்களையும் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள், நான் தேடும் சத்தம் மிகச் சின்னது என்றார்.

நான் சனத்தைப் பார்த்தேன்.

"டொக்டர் நெஞ்சுச் சத்தம் கேக்கிறா," என்றேன். "கொஞ்ச நேரம்."

வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. வாசலோரம் இருந்த வயதான பெண் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். ஒருத்தி தொலைபேசியைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தாள். வாளி உருட்டிய குழந்தையைத் தாய் தூக்கி மார்பில் போட்டாள். பாட்டோ நாடகமோ என்று கேட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரின் மூச்சும் நின்றது. எனக்கு முன்னால் ஒரு தோள்கூட ஏறி இறங்கவில்லை. அரைக் கட்டை, அரை மைல், தூரத்தில் இருக்கும் கடல் அலையடிப்பது எனக்குக் கேட்டது.

அந்த மௌனத்தை நாங்கள் பழகிய இடம் நல்ல இடமில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு அது பயன்பட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

திரைக்குப் பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள். உடனே மண்டபமும் விட்டது. டொக்டர் இன்னொருமுறை என்றார். இன்னொருமுறை எல்லோரும் அடக்கினார்கள். மூன்றாவது முறையும் அடக்கினார்கள். அதன் பிறகு டொக்டர் திரைக்கு அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னார். சத்தம் கேட்டுவிட்டது. இது முட்டு இல்லை. இதயத்துக்குள் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்பது இனிக் கேள்வியில்லை, எவ்வளவு மோசம் என்பதுதான் தெரிய வேண்டும். இவள் எப்படித் தூங்குகிறாள் என்று மறுபடி கேளுங்கள். நீங்கள் அந்த வீட்டில் சாப்பிடுகிறவராமே, யோசித்துச் சொல்லுங்கள்.

கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, இந்தமுறை கெஞ்சலாக.

"நல்லாப் படுப்பன் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

எனக்கு மிளகாய்த் தோட்டக்காரர் ஞாபகம் வந்தார். என் தலையில் வைத்த கையும் ஞாபகம் வந்தது. நான் பெரிதாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். சொல்லத் தொடங்கிவிட்டேன். கதிரையைச் சொன்னேன், இரண்டு தலையணையைச் சொன்னேன், முருங்கை மரத்தைச் சொன்னேன், முழங்கால் வீக்கத்தையும் நின்றுபோன ஊசியையும் சொன்னேன். அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் நான் நிறுத்திய பிறகு அவள் சொன்னாள்:

"அண்ணை, நான் அவ்வளவு சொல்லேல்லையே."

டொக்டர் கட்டிலில் அமர்ந்த சத்தம் கேட்டது. தன் காதிலிருந்ததைக் கழற்றி அவளுடைய காதில் மாட்டியிருக்கிறார். என்ன கேட்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"ஆட்டுக்கல் சுத்துற மாதிரிக் கிடக்கு," என்றாள்.

அதற்குச் சிங்களச் சொல் எனக்குத் தெரியும். சொன்னேன். டொக்டர், ஆம், அதேதான், புத்தகத்தில் இவ்வளவு நன்றாக எழுதவில்லை என்றார்.

அடுத்து, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை வெளியே கேட்கவைக்கும் சின்னப் பெட்டியை எடுத்தார். முதலில் கரகரப்பு. பிறகு அது பிடிபட்டது. மேடையில் நின்ற எனக்கும், வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது. படபடவென்று, இடைவெளி விடாமல்.

"இது அவர் கரைக்கு வாற சத்தமெல்லோ," என்றாள் அவள். உண்மைதான். படகு இன்னும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வரும்போது எஞ்சின் அப்படித்தான் கேட்கும்.

டொக்டர் நிதானமாகச் சொல்ல, நான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன். பிள்ளையை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை அனுப்பி, அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி, அந்தக் கதவைத் திறந்துவிடலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செய்கிறார்கள். பெரிய டொக்டர்மார் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள், தான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இதை மறைத்துக்கொண்டு பிள்ளை பெறும் நாள்வரைக்கும் போனால், அன்றைக்கு நெஞ்சில் நீர் கட்டித் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். ஒன்றின் காற்றில்தான் மற்றது ஓடுகிறது.

இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவுமில்லை.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. கீழே இருந்த பெண்கள் வழி விட்டார்கள். பாட்டோ என்று கேட்டவள் அவளுடைய கையைப் பிடித்து ஓட்டோ வரைக்கும் வந்தாள்.

திரும்பி வரும்போது அதே கடல்நீரேரிப் பாதையில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டியள். இனி அவருக்கும் நீங்களே சொல்லுங்கோ. அதோட நான் உங்களோட கதைக்க மாட்டன்."

அவளுடைய கணவர் கரைக்கு வந்து, வாடியில் இருந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து, நானும் ஒரு பக்கத்து வலையைப் பிடித்தபடி, எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை, தாயை, டொக்டர் சொன்னதை. அவர் வலைக்கண்ணில் சிக்கிய நண்டுக்கால் ஒன்றை எடுப்பதிலேயே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பதினொரு வருடம் மறைத்திருக்கிறாள்.

"அந்தக் கதிரை ரெண்டாவது, அண்ணை," என்றார் கடைசியில். "முதல் கதிரையின்ரை துணி கிழிஞ்சுது. நான்தான் முள்ளியவளைக்குப் போய் இதை வாங்கிக்கொண்டு வந்தனான். ஏன் படுக்கேல்லையெண்டு கேக்கேல்லை."

"உமக்குத் தெரியுமோ?"

"பக்கத்தில கிடக்கிறவனுக்கு மூச்சு விடுற சத்தம் கேக்காதோ. கேட்டா அவா சொல்லிப்போடுவா எண்டு பயம். சொன்னா, பிள்ளையோ அவாவோ எண்டு நான் சொல்லவேண்டி வரும்."

நண்டுக்காலை எடுத்து மணலில் எறிந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. அன்று இரவுச் சாப்பாடு பாணும் வாழைப்பழமும்.

முதலில் யாழ்ப்பாணம், அங்கிருந்து தெற்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவருக்குச் சிங்களம் தெரியாது என்பதால் நானும் போனேன். இருபது நாள் அந்த வராந்தாவில் கிடந்தோம், வாங்குக்குக் கீழே பேப்பர் விரித்து. எனக்கு அது பழக்கம், அவருக்குத்தான் கடல் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பார்வை நேரத்தில் அவள் என் வழியாகப் பேசினாள், என்னோடு பேசவில்லை. நர்ஸ் மிஸ்ஸிக்குச் சொல்ல வேண்டியதைக் கணவனிடம் சொல்வாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் மிஸ்ஸிக்குச் சொல்வேன்.

படிக்கும் டொக்டர்மார் கூட்டமாக வந்து அவளுடைய நெஞ்சைக் கேட்டார்கள். இப்படிப்பட்ட சத்தம் அவர்களுக்குப் பாடம். ஒவ்வொருவர் காதில் மாட்டும்போதும் யாரும் சொல்லாமலே அவள் மூச்சை அடக்கினாள். நல்ல நோயாளி, ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை என்று அவர்களில் ஒருவர் என்னிடம் புகழ்ந்தார். அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பலூன் வைத்த நாளில் அவர் வராந்தாவில் செபமாலை உருட்டினார். நான் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல எஞ்சின். பிழையேதும் இல்லை. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் வந்து, கதவு திறந்தது, முழுக்க இல்லை, போதுமான அளவுக்கு, பிள்ளை துடிக்கிறது என்றார். அவருக்கு நான் தமிழில் சொன்னதும் அவர் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

அடுத்த நாள் காலை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள், ஒரு தலையணையோடு. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஆள் சிறுத்துவிட்டதுபோல இருந்தது. கணவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, சாப்பிட்டனிங்களோ?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. ஆனால் அவள் பேசியிருந்தாள். இல்லையென்று சொல்லி இன்னொரு கேள்வியை வரவைக்க நான் விரும்பவில்லை.

பிள்ளை பிறக்கும்வரை நான் அங்கே இருக்கவில்லை. திரும்பி வந்து ஒரு மாதம் இயந்திரங்களைப் பார்த்தேன். பிறகு கால் நிற்கவில்லை. வவுனியாப் பக்கம் குழாய்க் கிணறு தோண்டும் வண்டியோடு போய்விட்டேன். எட்டாம் மாதத்திலேயே பெண் பிள்ளை பிறந்தது, எடை குறைவு, இரண்டு கிழமை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று தொலைபேசியில் அவர் சொன்னார். தங்கச்சிக்கு மாத ஊசி மறுபடி தொடங்கியிருக்கிறது, அவரே கூட்டிப் போகிறார், இரண்டு நாளைக்குச் சமையலும் அவர்தான் என்றும் சொன்னார்.

போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் சனத்தோடு பஸ்ஸில் வந்து, நான் மட்டும் இடையில் இறங்கி அந்த வீட்டுக்குப் போனேன். மத்தியான வெயில். அவர் வாசலில் நின்று, என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு முன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

சாய்வுக் கதிரை சுவரோரம் இருந்தது. அதன் மேல் வலைக் குவியலும் மிதவைகளும் கிடந்தன. நிலத்தில் பாய் விரித்து அவள் நேராகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிள்ளை அவளுடைய நெஞ்சின் மேல் குப்புறக் கிடந்தது. தாயின் மூச்சுக்குப் பிள்ளை ஏறி இறங்கியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன், அப்போதும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அவர் என் தோளில் தட்டினார்.

"மூச்சை விடுங்கோ, அண்ணை," என்றார் காதுக்குள்.

விட்டேன். பிறகு இருவரும் கடற்கரைக்குப் போனோம். அவருடைய எஞ்சின் ஒரு கிழமையாகக் காலையில் பிடிக்கச் சுணங்குதாம், ஒருக்கால் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.